லட்சுமிக்குக் காய்ச்சல்

ராஜாவுக்கு வேலை இல்லாமப் போச்சுன்னா நாட்டுக்கு ஒரு திட்டம் வந்து சேரும். மணவாளபூபதி ராஜாவுக்கு அந்த வருஷம் சண்டையும் இல்ல, சம்பந்தம் பேசப் பொண்ணும் இல்ல. அதனால மாதிரிப் பண்ணை வந்துச்சு.

"நாட்டுக்கே விதைநெல்லு இங்கேருந்துதான் போகணும். பக்கத்து நாட்டு ராஜா வந்து பாத்து வயிறெரியணும்"னாரு.

திட்டம் போட்டவரு மந்திரி புண்ணியகோடி. களஞ்சியம் கேட்டா, கோபுரம் கட்டி, கலசம் வெச்சு, செவுத்துல கிளி எழுதிவெச்சாரு. நெல்லு காய ஒரு களம் கேட்டா, குதிரை ஓடினாலும் நடுவுல நின்னு தண்ணி குடிக்கிற அகலத்துக்குக் களம் போட்டாரு. அரண்மனை மாடியிலேருந்து தெரியணும்ல. திட்டத்துல எல்லாம் இருந்துச்சு. நெல்லு எப்படிக் காயும்ங்கறது மட்டும் இல்ல.

அந்த அரண்மனையில சொக்கட்டான்னு ஒருத்தன். ராஜாவைச் சிரிக்க வைக்கிறது அவன் உத்தியோகம். பெரும்பாலும் மந்திரியைக் காட்டித்தான் சிரிக்க வைப்பான். அந்தக் கடுப்புல மந்திரி ஒரு காரியம் பண்ணாரு.

"களத்துக்குச் சொக்கட்டானையே பொறுப்பா போடுங்க மகாராஜா. கெட்டிக்காரன்."

மந்திரி வாயில நல்ல வார்த்தை வந்ததுமே இதுல ஏதோ குழி இருக்குன்னு சொக்கட்டான் புரிஞ்சுக்கிட்டான்.

அறுப்பு நேரத்துல மழை. நெல்லு ஈரத்தோட களத்துக்கு வந்துச்சு. மெல்லிசா பரப்பினா ஏழை வீட்டுக் களம் மாதிரி இருக்குன்னு மந்திரி கணுக்கால் உசரத்துக்குப் பரப்பச் சொன்னாரு. களத்து வேலைக்காரி காத்தாயியும் மத்த பொம்பளைங்களும் காலால கிளறிவிட இறங்கினாங்க.

"நிறுத்து"ன்னாரு மந்திரி. களத்தைப் பாக்க வந்திருந்த ராஜா பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "மகாராஜா, நெல்லு சாட்சாத் மகாலட்சுமி. நீங்க திருமால் அம்சம். உங்க பண்ணையிலேயே லட்சுமிய மிதிக்கிறதா?"

திருமால்னதும் ராஜா வெண்ணெயா உருகிட்டாரு.

"நெல்லு மேல எவன் காலும் படக்கூடாது. இது உத்தரவு."

"பலகை போட்டுத் தள்ளலாமா மகாராஜா?"ன்னான் சொக்கட்டான்.

"பெத்த தாயைக் கட்டையால தள்ளுவியாடா?"ன்னாரு மந்திரி.

"தள்ளமாட்டேன். ஈரத்தோட வெயில்லயும் போடமாட்டேன்."

ராஜா கையமத்தினாரு. "பௌர்ணமிக்குப் பக்கத்து நாட்டு ராஜா வர்றாரு. அதுக்குள்ள நெல்லு காஞ்சு களஞ்சியம் ஏறணும். ஒரு பிடி நாத்தம் அடிச்சாலும் நீ நாட்டை விட்டுப் போயிடு."

மறுநாள் காலையில மேல்நெல்லு சலசலன்னு இருந்துச்சு. காத்தாயி களத்து ஓரத்துல குந்தி உள்ள கைய விட்டா. விட்ட வேகத்துல எடுத்தா.

"ஐயா, அடியில வேகுது. இன்னிக்குக் கிளறலேன்னா முளை விட்டுடும். விதை போச்சுன்னா அடுத்த போகத்துக்கு நாங்க அந்தக் கிளியத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

சொக்கட்டான் ஒரு நெல்லைக் கடிச்சான். கடக்குன்னு உடையாம மொச்சுன்னு நசுங்குச்சு. நாட்டை விட்டுப் போறது கூட பரவாயில்ல. போற நாட்டு ராஜா எந்த மாதிரி முட்டாள்னு முதல்லேருந்து படிக்கணும். அதை நெனச்சாத்தான் அலுப்பு. ஆனா காத்தாயி விதைக்கு என்ன பண்றது?

ஓரமா நின்னு யோசிச்சவன் திடுதிடுன்னு சபைக்கு ஓடினான்.

"மகாராஜா, லட்சுமிக்கு உடம்பு சரியில்ல. தொட்டா நெருப்பா கொதிக்குது."

"ஐயையோ, என்ன வியாதி?"

"வியாதி இல்ல. புருஷன் ஏக்கம்."

மந்திரிக்குப் பொறையேறிச்சு.

"கோயில்ல பெருமாள் பள்ளிகொண்டிருக்காரே மகாராஜா, தாயார் எங்க உக்காந்திருக்கா?"

"கால்மாட்டுல."

"என்ன பண்றா?"

"கால் அமுக்குறா."

"எவன் காலு பட்டாலும் பாவம்தான். கட்டின புருஷன் காலு பட்டாப் பாவமா? அது ஒண்ணுக்குத்தானே அவ ஏங்கிக் கொதிக்கிறா?"

"மகாராஜா, இது வெறும்…"ன்னு மந்திரி எழுந்தாரு.

"ஏன் மந்திரியாரே, நம்ம ராஜா திருமால் இல்லேங்கிறீங்களா?"

மந்திரி "அம்சம்தான்"னு உக்காந்தாரு.

உச்சி வெயில்ல, மேளதாளத்தோட, பாதரட்சையைக் கழட்டிட்டு ராஜா களத்துல இறங்கினாரு. நெல்லைக் காலால கிளறிக்கிட்டே முதல் சால் நடந்தப்ப முகத்துல அப்படி ஒரு தெய்வக்களை. ரெண்டாவது சால்ல களை கொறைஞ்சுது. மூணாவதுல நெல்லுச் சொணை முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு.

"அரிக்குதேடா."

"தாயார் அமுக்குறா மகாராஜா."

"இவ அமுக்கல. கிள்ளுறா." ராஜா ஒத்தக்கால்ல நின்னு சொறிஞ்சாரு. "இன்னும் எவ்வளவு இருக்கு?"

சொக்கட்டான் நெத்தியில கை வெச்சு தூரத்தைப் பாத்தான். "களத்தோட அந்தக் கடைசி இங்கேருந்து தெரியல. மந்திரியார் தாராளமா திட்டம் போட்டிருக்காரு. சாயங்காலம் மறுபடி ஒருக்கா, நாளைக்கும் இதே மாதிரி…"

"வேற எவனும் இறங்கக்கூடாதா?"

"உங்க உத்தரவு ஆச்சே."

ஓரத்துல நின்ன காத்தாயி பொறுக்கமாட்டாம வாயைத் தொறந்தா. "மகாராஜா, லட்சுமி நம்ம எல்லாருக்கும் தாயின்னா நாங்க புள்ளைங்கதானே? எம் புள்ள எம் மடியில மிதிக்காத நாளு இல்ல. அதுக்கு நரகம்னு நான் சொன்னதில்ல."

ராஜாவுக்கு அப்பத்தான் மொகம் தெளிஞ்சுது. "உத்தரவு ரத்து. லட்சுமி புள்ளைங்க எல்லாம் இறங்குங்க."

பொம்பளைங்க இறங்கினாங்க, சேவகனுங்க இறங்கினாங்க, மேளக்காரனும் மேளத்தை வெச்சுட்டு இறங்கினான். பட்டு வேட்டி கசங்காம மந்திரி மட்டும் ஒதுங்கி நின்னாரு.

சொக்கட்டான் அவரை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தான். "ஏன் மந்திரியாரே, லட்சுமி புள்ளைங்க எல்லாம் இறங்கியாச்சு. நீங்க அவ அக்கா மூதேவிக்குப் பொறந்தவரா?"

வேட்டிய மடிச்சுக் கட்டக்கூட நேரமில்லாம மந்திரி நடுக்களத்துல நின்னாரு. ராஜா சொறிஞ்சுக்கிட்டே சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே தன் முத்துமாலையைக் கழட்டி சொக்கட்டான் கழுத்துல போட்டாரு.

பௌர்ணமிக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா ஒரு நெல்லை எடுத்துக் கடிச்சாரு. கடக்குன்னு சத்தம் வந்துச்சு. அவருக்கு வயிறெரிஞ்சுது. திட்டம் வெற்றி.

அடுத்த போகத்துக்கும் புண்ணியகோடிதான் திட்டம் போட்டாரு. கோபுரம் இன்னும் உசந்துச்சு. கிளிக்குப் பக்கத்துல மயிலும் வந்துச்சு. களம் மட்டும் ஒரு பாய் அகலம்தான் இருந்துச்சு.