லிஃப்டில் நின்றவரின் எடை

இயற்பியல் ஆசிரியை வேதவல்லி ஒரு வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசினார். அந்தப் பேச்சு சரியா, தவறா என்று அவருடைய மாவட்டத்து ஆசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

பதினோராம் வகுப்புக்காக இயற்பியல் ஆசிரியர்கள் தாங்களே உருவாக்கிய இணையதளங்களில் சிறந்த ஒன்றை மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் பரிந்துரைப்பது என்று முடிவாகியிருந்தது. மதிப்பிட இருவர்: வேதவல்லியும், வேறொரு பள்ளி ஆசிரியர் ஞானசேகரும். முடிவு வெளியாகும்வரை போட்டியாளர் யாரிடமும் பேசுவதில்லை என்ற உறுதிமொழியில் இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பாடப்பிழை ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது விதி. தளங்களை ஒப்படைக்கும் கடைசி நாள் முந்தைய வாரமே முடிந்துவிட்டது.

பதினேழு தளங்கள் வந்ததில் இரண்டு மிஞ்சின. சகாயராஜின் தளத்தில் படங்கள் அசைந்தன. விரலால் தொட்டால் சாய்தளத்தில் மரக்கட்டை வழுக்கி இறங்கியது. அதற்கு எண்பத்தெட்டு. மெஹருன்னிசாவின் தளத்தில் எழுத்தும் கையால் வரைந்த படங்களும்தான். ஆனால் விலை குறைந்த செல்போனிலும் சட்டென்று திறந்தது. அதற்கு எண்பத்து நான்கு.

மதிப்பெண் தாளை மாலை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். வேதவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்த்த பக்கங்களையே மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றேகாலுக்கு, சகாயராஜின் தளத்தில் ஒரு லிஃப்ட் கணக்கில் அவர் கண் நின்றது. மேலே போகும் லிஃப்ட் நிற்பதற்காக வேகம் குறைகிறது. உள்ளே எடை பார்க்கும் கருவியில் நிற்பவருக்கு முள் கூடுதலாகக் காட்டும் என்று எழுதியிருந்தது. உண்மையில் குறைவாகத்தான் காட்டும்.

திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு. இந்த வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ஆயிரத்து நூறு பேர் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்ததாக அதன் அடியில் இருந்த எண் காட்டியது. முடிவு வெளியாகவோ இன்னும் பத்து நாள் இருந்தது.

"தாள்ல குறிச்சுட்டு விடுங்க மேடம். நாம பேசக் கூடாது" என்றார் ஞானசேகர்.

"பசங்க திங்கக்கிழமை பரீட்சை எழுதறாங்களே, சார்."

"கையெழுத்துப் போட்டிருக்கோம் இல்லையா?"

வேதவல்லி வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போனார். கடைசியில் சகாயராஜை அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

"தப்புதாங்க மேடம். இப்பவே மாத்திடறேன்" என்றார் சகாயராஜ். ஐந்து நிமிடத்தில் அந்த வரி மாறிவிட்டது. மாற்றியதாக எந்த அறிவிப்பும் இல்லை.

வேதவல்லி அந்தத் தளத்துக்குப் பத்து மதிப்பெண் குறைத்தார். "பிழை இருந்தது. நானே தொலைபேசியில் தெரிவித்தேன்" என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். மெஹருன்னிசாவின் தளம் முன்னே வந்தது.

ஞானசேகர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "இப்ப இல்லாத தப்புக்கு எப்படி மார்க் குறைப்பீங்க? விதியை மீறினதும் நீங்கதான்."

மூன்று மணிக்குள் செய்தி சகாயராஜுக்கு எட்டிவிட்டது. அவர் வேதவல்லியை அழைத்தார். கோபப்படவில்லை.

"நாலு வருஷமா உட்கார்ந்து செஞ்சது மேடம். நீங்க சொன்னதும் திருத்தினேன். திருத்தாம விட்டிருந்தாலும் இதே பத்துதானே போயிருக்கும்?"

தாள் மேசைமேல் கிடந்தது. நான்கு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

இதில் யார் செய்தது சரி? உறுதிமொழியை மீறிப் பேசியவரா, அதைக் காக்கச் சொன்னவரா, சொன்னவுடன் சத்தமில்லாமல் திருத்தியவரா?

விடை: வேதவல்லி பேசியது சரி. போட்டியாளர்களிடையே பாரபட்சம் வரக் கூடாது என்பதற்காக எழுதிய உறுதிமொழி அது. பிள்ளைகள் தவறாகப் படிப்பதை வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. மதிப்பெண் குறைத்ததும் நியாயம்தான். மதிப்பிட வேண்டியது கடைசி நாளில் ஒப்படைத்த தளத்தை. ஆனால் பேசியவரே மதிப்பெண் போட்டது தவறு. ஞானசேகரின் ஆட்சேபத்தில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அதை ஒப்புக்கொண்டு வேதவல்லி மதிப்பீட்டிலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக வந்தவரும் அதே பத்தைக் குறைத்தார். சகாயராஜ் திருத்தினார், சொல்லவில்லை; முன்பே படித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தா பார்ப்பார்கள்? மாலையில் அவருக்கே அது உறைத்து, தளத்தின் முகப்பில் "நான் தவறாக எழுதியிருந்தேன்" என்று பெயரோடு போட்டார். திங்கட்கிழமை வினாத்தாளில் லிஃப்ட் கணக்கு வரவேயில்லை. அதனால் இந்த விடை மாறிவிடாது.