முதலில் உடைய வேண்டியது

"எதுவுமே உடையாத மாதிரிதான் செஞ்சேன் அம்மணி. அப்புறம் எப்படி எரியும்?"

கேட்டவர் திருமூர்த்தி. வயது ஐம்பத்தேழு. இருபத்தொன்பது வருடமாகச் சமையலறை இயந்திரங்களை வடிவமைக்கும் பொறியாளர்.

கேட்கப்பட்டவர் ரமீஜா. வயது முப்பத்து மூன்று. கோவை கணபதியில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவர்.

ரமீஜா ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன செஞ்சீங்க, சொல்லுங்க சார்."

திருமூர்த்தி சொன்னார். ஒரே மோட்டார். அதன் மேல் மிக்ஸி ஜாரை மாட்டலாம். அதைக் கழற்றிவிட்டு மாவாட்டும் கல்லை மாட்டலாம். தேங்காய்த் துருவி, சாறு பிழிவது என்று எல்லாம் தனித்தனி. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றினால் போதும், மிச்சத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.

தான் வரைந்த மிக்ஸிகள் ஒரு பழைய இரும்புக் கடையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். அன்று பிடித்த வெறி இது. அதற்காக நிர்வாகத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி, முப்பது வீடுகளில் வைத்துப் பார்க்க அனுமதி வாங்கினார்.

பதினொரு வீடுகளில் மோட்டார் எரிந்துவிட்டது.

"ஆடி முடியறதுக்குள்ள சரி பண்ணணும். இல்லைன்னா தீபாவளிக்குப் பழைய மாடலையே போட்டுருவாங்க. மறுபடியும் அந்தக் குவியல்தான்."

ரமீஜா கம்பியை வைத்துவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த இயந்திரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கப்ளர் எங்கீங்க?"

கப்ளர் என்பது ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவே பற்களோடு இருக்கும் சின்ன ரப்பர்த் துண்டு. மிக்ஸி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அது தேய்ந்துபோகும் கதை தெரியும்.

திருமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. "அதுதானுங்க முதல்ல போறது. அதனால இரும்புல பண்ணிட்டேன். இந்த ஜென்மத்துல தேயாது."

ரமீஜா சிரித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

திருமூர்த்திக்குக் கோபம் வந்தது. "மோட்டார் திணறினா நிக்கறதுக்குச் சிவப்புப் பொத்தான் வெச்சிருக்கேன். தானா நின்னுரும்."

"நின்னா, திரும்ப அமுக்குவாங்க சார். மறுபடி நிக்கும், மறுபடி அமுக்குவாங்க. விருந்தாளி வந்து உக்காந்திருப்பாங்க, சட்னி ஆகணும். நாலாவது தடவை புகை வரும்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நாளைக்கு வந்து கடையில உக்காருங்க. ஆனா பேசக் கூடாது."

கம்பெனியில் அவர் வந்தால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்குத் துளசிமணி என்ற பெண் மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"விரலி மஞ்சளப் போட்டேனுங்க. கர்ருன்னு சத்தம். இப்ப மோட்டார் சுத்துது, ஜார் சுத்த மாட்டேங்குது."

ரமீஜா பழைய கப்ளரைக் கழற்றினார். பற்கள் மழுங்கிப் போயிருந்தன. புதியதைப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"அதுக்கென்ன. கல்லு மாதிரி இருக்குது."

துளசிமணி போய்விட்டார். ரமீஜா பழைய கப்ளரை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைத் திருமூர்த்தியின் மடியில் வைத்தார். டின் நிறையத் தேய்ந்த கப்ளர்கள்.

"எத்தனை இருக்கும் சார்?"

பேசலாமா என்று ஒரு கணம் யோசித்தார். "முன்னூறு இருக்கும்."

"முன்னூறு மோட்டார் பொழைச்சிருக்குதுங்க."

திருமூர்த்தி டின்னை மேசையில் வைத்தார். பிறகு சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

இரும்பு போய் ரப்பர் வந்தது. இயந்திரங்கள் மறுபடி முப்பது வீடுகளுக்குப் போயின.

ஐந்து வாரம் கழித்துத் திருமூர்த்தி வந்தபோது முகம் செத்துக் கிடந்தது.

"ஒண்ணுகூட எரியல அம்மணி."

"அப்புறம் என்னங்க?"

"ஏழு வீட்டுல கப்ளர் தேஞ்சுது. ஏழு பேரும் மெஷினைப் பரண் மேல ஏத்திட்டு, வேற மிக்ஸிக்கு மாறிட்டாங்க."

"கப்ளரை மாத்த வேண்டியதுதானே?"

"கம்பெனி ஆள் போய் மாத்தணும்."

"ஏனுங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அதன் முனை நட்சத்திரம் போல இருந்தது. "இது இருந்தாத்தான் கழட்ட முடியும். கண்டவங்க கை வெச்சிரக் கூடாதுன்னு போட்டது."

"கண்டவங்கன்னா யாருங்க?"





"அந்த ஏழுல ஒண்ணு எங்க வீடு," என்றார் திருமூர்த்தி. "நான் பெங்களூரு போயிருந்தேன். சாவி என் பையில இருந்துச்சு. எங்க வீட்டம்மா ரெண்டு நாள் பார்த்துட்டு, பழைய மிக்ஸியை இறக்கிட்டா."

அதைச் சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. மல்லுக்கட்டிய மூன்று வருடமும் அந்தப் பரண் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாகத் தோன்றியது.

ரமீஜா மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே விதவிதமான சாவிகள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று.

"இதுல போட்டுருங்க."

திருமூர்த்தி போட்டார்.

ரமீஜா தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஸ்பூனை எடுத்து, குழாயில் கழுவி, துணியில் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"எதுக்குங்க?"

"நான் சாப்பிட்டாச்சு. நீங்க எடுத்துட்டுப் போங்க."

பேருந்து நிறுத்தம் வரை திருமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. பேருந்தில் ஏறியதும், ஸ்பூனின் காம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனார்.

ஆடி முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. புதுக் கப்ளருக்கு நாலு அச்சு செய்து நாலையும் உடைத்தார். ஐந்தாவது சரியாக வந்தது.

கடைசி நாள். கம்பெனியின் கூட்ட அறையில் ஆறு பேர். நடுவில் நிர்வாக இயக்குநர் வரதராஜுலு.

திருமூர்த்தி இயந்திரத்தை மேசையில் வைத்தார். ஜாரை மாட்டினார். பையிலிருந்து விரலி மஞ்சளை இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சை முழு வேகத்துக்குத் திருகினார்.

கர்ரென்றது. டப்பென்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றியது, ஜார் நின்றுவிட்டது.

அறையில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"இதைத்தான் தீபாவளிக்கு விக்கச் சொல்றீங்களா?" வரதராஜுலு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "என் கண்ணு முன்னாடியே உடையுது!"

"ஆமாங்க. உடைஞ்சிருச்சு."

  திருமூர்த்தி ஜாரை எடுத்து, சிக்கிய மஞ்சளைக் கொட்டினார். இயந்திரத்தைச் சாய்த்து, அடிப்பாகத்தில் இருந்த சின்ன அறையைத் திறந்தார். உள்ளே இரண்டு புதிய கப்ளர்கள். ஒன்றை எடுத்து வரதராஜுலுவின் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஸ்பூனை வைத்தார்.

"மாத்துங்க."

"நானா? நான் சமையக்கட்டுப் பக்கமே போனதில்லையப்பா."

"அதனாலதானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. வரதராஜுலு சுற்றிலும் பார்த்தார். பிறகு ஸ்பூனை எடுத்தார். கப்ளரின் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. ஸ்பூன் காம்பை அதில் வைத்துத் திருப்பினார். பல் போன கப்ளர் கையோடு வந்தது. புதியதை வைத்து அமுக்கினார். டக்கென்று உட்கார்ந்தது.

ஜாரை அவரே மாட்டினார். சுவிட்சைத் திருகினார்.

சுற்றியது.

அவர் அணைத்தார். கையிலிருந்த ஸ்பூனை ஒரு தரம் பார்த்தார். திருமூர்த்தியைப் பார்த்தார். பையை இழுத்து, மஞ்சளை இரண்டு கையாலும் அள்ளி ஜாருக்குள் போட்டார்.

"இன்னொண்ணு இருக்குதில்ல?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சை முழு வேகத்துக்குத் திருகினார்.