தாங்கும் கரி

முதல் அநியாயம், கரி நானோ குழாயைக் கொண்டு செங்கமலம் செய்த மின்முனை, ஹைட்ரஜன் எரிபொருள் செல்லின் மின்சாரத்தை இரட்டிப்பாக்கியபோது, அறிக்கையில் அவள் பெயர் விடுபட்டது. இரண்டாவது, காப்புரிமை விண்ணப்பத்தில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆய்வு நிறுவன இயக்குநரின் பெயர் ஏறியது. மூன்றாவது, அந்தச் செல்லைப் பார்வையிட வல்லுநர் குழு வரும் நாளில் பூங்கொத்து கொடுக்க அவளையே நிற்கச் சொன்னது.

மூன்றையும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டு, அவள் தன் பேராசிரியர் இருதயராஜைக் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு சார் தாங்கணும்?"

"இதையே எத்தனை தடவைம்மா கேட்பே?" அவர் சலித்துக்கொண்டார். "செல்லுக்குள்ள மின்சாரம் வர வைக்கிற பிளாட்டினத்தைத் தாங்குறது எது?"

"நான் செஞ்ச கரி."

"கரி இல்லாம, அதே அளவு பிளாட்டினத்தை மட்டும் வெச்சு இன்னொரு செல் செய்."

"கட்டி கட்டியாப் போயிடும் சார். ஓடாது."

"எனக்கும் தெரியும். செய். அடியில சீட்டு ஒட்ட மறந்துடாதே."

செய்தவர் பெயரைச் செல்லின் அடியில் ஒட்டுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். இயக்குநர் அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தால்தானே வழக்கம் தெரியும்.

"ஓடாததுக்கும் என் பேரா?"

"செஞ்சது நீதானே?"

குழு வந்தது. அரங்க மேசையில் இரண்டு செல்கள், ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன விசிறி. ஹைட்ரஜனைத் திறந்தார்கள். ஒரு விசிறி சுழன்றது. மற்றது அசையவே இல்லை.

"இரண்டிலும் ஒரே அளவு பிளாட்டினம்தான்" என்றார் இருதயராஜ். "ஒன்றில் அதைத் தாங்க ஆளில்லை."

"ஓடாததைச் செய்தது யார்?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"பெயர் அடியில் இருக்கும் மேடம்."

இயக்குநர் முந்திக்கொண்டு அந்தச் செல்லைத் திருப்பினார். மைக்கைப் பிடித்துக் கணீரென்று வாசித்தார்.

"கா. செங்கமலம். நம்ம பொண்ணுதான் மேடம். இப்பதான் கத்துக்கிட்டு வருது."

அரங்கில் சிலர் சிரித்தார்கள். பூங்கொத்தோடு நின்ற செங்கமலம் தன் பேராசிரியரை முறைத்தாள்.

"மைக் உங்க கையிலேயே இருக்கட்டும் சார்" என்றார் இருதயராஜ். "அப்படியே ஓடுறதையும் திருப்பிடுங்க."

இயக்குநர் திருப்பினார். வாசிக்கவில்லை. விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"எங்களுக்குக் கேட்கலையே" என்றார் குழுத் தலைவி.

மைக்கில் ஒரு இருமல் கேட்டது. பிறகு,

"கா. செங்கமலம்."