அமிர்தகடேசனின் வாக்கியம்

குன்றேறி வந்த அமிர்தகடேசன் வாசலிலேயே நின்றார். வயது அறுபத்தாறு. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். குரு தையல்நாயகி அவரைவிட இருபது வயது இளையவர்; கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு வேற வாக்கியம் கொடுங்க."

"பழசுக்கு என்ன ஆச்சு ஐயா?"

நான்கு வருடங்களுக்கு முன், மனைவி இறந்த பத்தாம் நாள், இதே வாசலுக்கு வந்து, இனி நான் இருந்து என்ன செய்ய என்று கேட்டவர் அவர். குரு சொன்னது இரண்டே சொல்: "கொஞ்சம் உட்காருங்க." அன்று உயிர் தங்கியது அதனால்தான். நன்றி பொங்கியதில், முதலாண்டு நினைவஞ்சலி அட்டையில் மனைவியின் படத்துக்குக் கீழே அதை அச்சிட்டு முந்நூறு பேருக்கு அனுப்பினார். அவர் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.

"நான் அச்சடிச்ச அட்டையிலிருந்து பரவி, இப்ப எங்கே பார்த்தாலும் அதுதாம்மா. ஷேர் ஆட்டோ முதுகில் இருக்கு. துணிக்கடைப் பையில் இருக்கு. போனைத் திறந்தா ரோஜாப்பூவோடு பதினேழு பேர் அனுப்பியிருக்காங்க. தியான ஆப் ஒண்ணு மணிக்கொரு தரம் பெண்குரல்ல சொல்லுது. அதை ஆராய்ஞ்சு ஒரு பொண்ணு டாக்டர் பட்டமே வாங்கிட்டா. அதெல்லாம் போகட்டும். பின்னாடி மூணு ஆச்சரியக்குறி போடுறாங்க!"

"மூணா?"

"மூணு. எடுக்கச் சொல்லி ஊரெல்லாம் அலைஞ்சேன். பதினொரு கடிதம் எழுதினேன். துணிக்கடைக்காரர் மட்டும் பதில் போட்டார். அதன் அடியிலும் அதே வாக்கியம். மூணு குறியோட."

குரு ஒரு கல்லை எடுத்து எறிந்தார். "அது பாவம்தான்."

"சிரிக்காதீங்கம்மா." குரல் தணிந்தது. "பழையபடி ஆகுது. அவ சேலையை மடிச்சு வைக்கப் போனா பாதியிலேயே விட்டுட்டு எழுந்துடறேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன், விளம்பரம் மாதிரி கேட்குது. யார்கிட்டயும் இல்லாததா ஒண்ணு கொடுங்க. இந்தத் தடவை அச்சடிக்க மாட்டேன்."

"என்கிட்ட வேற இல்லையே. அதுவும் என்னுதில்லை."

"பின்னே?"

"வீட்டை விட்டு வந்த அன்னிக்கு, பஸ் படிக்கட்டில் நின்னு அழுதுட்டிருந்தேன். கண்டக்டர் சொன்னார். தினம் நூறு பேர்கிட்ட சொல்லியிருப்பார்."

அமிர்தகடேசன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒருவர் சொன்ன பேச்சையா இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தோம்?

"அப்போ அன்னிக்கு மட்டும் எனக்கு எப்படிம்மா வேலை செஞ்சது?"

குரு முறத்தைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் ஒழிந்தது.

"அன்னிக்கு நீங்க உட்கார்ந்தீங்க, ஐயா."