பழைய லென்ஸுக்கு ஒரு கேமரா

“எந்தக் கேமரா டீச்சர்?”

செருப்பைக் கழற்றும் முன்பே ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

பிலோமி டீச்சர் நாற்காலியைக் காட்டினார். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

உவரிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த வீடு. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறார். ஆவுடையப்பனைவிட வயதில் மிகவும் இளையவர். ஃபிலிம் காலத்து லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று பேர். பல ஊர்களிலிருந்து ஆட்கள் தேடி வருவார்கள். கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்லிவிட மாட்டார். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆவுடையப்பன் கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்தவர். சில மாதங்களாக வந்துபோய்க்கொண்டிருக்கிறார்.

கல்வெட்டுகளைப் படம் எடுப்பது அவர் தொழில். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிக் கோயில் கோயிலாகப் போவார். படித்தவர்கள் அவருடைய படத்தை வைத்துக்கொண்டுதான் கல்லை வாசிப்பார்கள். ஒரு எழுத்து மங்கினால் ஒரு ராஜாவே மாறிப்போவார் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் அனுப்புகிற படங்கள் திரும்பி வருகின்றன. எழுத்து துலங்கவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும்.

கேமராவை மாற்றினார். திரும்பி வந்தது.

மறுபடியும் மாற்றினார். அதுவும் திரும்பி வந்தது.

அவர் நினைத்துப் பார்க்க விரும்பாத காரணம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பாவுக்கு இதே வயதில் பார்வை போனது. சர்க்கரை. ஆவுடையப்பனுக்கும் சர்க்கரை. கண் ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வழியாக அவர் இப்போதெல்லாம் பைக் ஓட்டுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையைத் திறந்தார். மேசைமேல் துண்டை விரித்து மூன்று கேமராக்களை வரிசையாக வைத்தார். மதுரையில் பழைய கேமரா விற்கிற ஒருவர், பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று கொடுத்தனுப்பியவை.

டீச்சர் மூன்றையும் பார்த்தார்.

“மூணு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. பொண்ணு எங்க அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் சிரிக்காமல் லென்ஸ்களை எடுத்து வைத்தார். இரண்டு. இரண்டுமே தாமாக ஃபோகஸ் ஆகாதவை. கண்ணால் பார்த்துக் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும்.

பிறகு ஒவ்வொரு கேமராவையும் பற்றி மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். முதலாவது கனமானது. பழைய லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். ஆனால் லென்ஸ் மாட்டுகிற அதன் வாயோரத்தில் சின்னக் கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மிகப் பழைய லென்ஸைத் தெரியாமல் திருகினால் கொக்கி முறிந்துவிடும். அவரிடம் இருக்கிற இரண்டில் ஒன்று அப்படிப்பட்டது. மூன்றாவது மலிவு. அதில் கொக்கியே கிடையாது. எவ்வளவு பழைய லென்ஸும் பத்திரமாக உட்காரும். ஆனால் வெளிச்சம் போதுமா போதாதா என்று அது வாயே திறக்காது.

அவருக்கு மனசு இரண்டாவதில் இருந்தது. அதில் உருவம் துல்லியமாகிற நேரத்தில் கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டருக்குள் ஒரு பச்சைப் புள்ளி பளிச்சென்று எரியும்.

“புள்ளி எரிஞ்சா அமுக்கிரலாம் டீச்சர். நான் பாக்கணும்னே இல்ல.”

டீச்சர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் துண்டின் நுனியைச் சரிசெய்தார்.

டீச்சர் முதல் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வைத்துவிட்டார். இரண்டாவதை எடுத்தார். வைத்துவிட்டார். மூன்றாவதையும் அப்படியே. லென்ஸைத் தொடவில்லை. பொத்தான்களைத் தொடவில்லை. ஒவ்வொன்றிலும் வ்யூஃபைண்டரின் ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை மட்டும் நகத்தால் நெருடிப் பார்த்தார்.

அந்தச் சக்கரத்துக்கும் எடுக்கிற படத்துக்கும் சம்பந்தமில்லை. அது பார்க்கிறவர் கண்ணுக்காக வைத்தது. அவரவர் பார்வைக்கு ஏற்ப உள்ளே தெரிவதைத் தெளிவாக்கிக்கொள்ள, ஒருமுறை திருப்பிவிட்டு மறந்துவிடுவார்கள்.

“மூணுலயும் கடைசிவரைக்கும் போயிருக்கு” என்றார் டீச்சர்.

“கடைக்காரர் அப்படியே தந்திருப்பாரு.”

“மூணையுமா?”

ஆவுடையப்பன் செம்பை எடுத்தார். அதில் தண்ணீர் இல்லை.

“இதுக்கு மேல திரும்பாது, அண்ணாச்சி.”

அவருக்கு எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. கேமராக்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி, மதுரைக்கே போய் வேறு மூன்றை வாங்கிவரலாம். உலகத்தில் எத்தனையோ கேமரா இருக்கிறது.

டீச்சர் ஒரு லென்ஸை இரண்டாவது கேமராவில் மாட்டி அவர் கையில் கொடுத்தார். மாடிக்குப் போகலாம் என்றார்.

மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. கட்ட வந்த மேஸ்திரி பாதியில் வேறு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது டீச்சர், சுவர் எழுப்பினால் கடல் மறைக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தளம் நேராகப் போய் சட்டென்று முடிகிறது. கீழே கருங்கல் குவித்துப் போட்டிருந்தது.

ஆவுடையப்பன் படிக்கட்டின் வாயைவிட்டு நகரவில்லை.

சாயங்கால வெயில். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார் டீச்சர்.

அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். வளையத்தைத் திருப்பினார். திரும்ப எதிர்ப்பக்கம் திருப்பினார். ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது, எழுத்து மட்டும் துலங்கவில்லை.

“கானல் அடிக்கி” என்றார்.

டீச்சர் வள்ளத்தை நோக்கி நீட்டிய கையை இறக்கவில்லை.

“உப்புக்காத்து. கண்ணாடியில படிஞ்சிருக்கும்.”

டீச்சர் தன் சேலை முந்தானையால் லென்ஸைத் துடைத்துவிட்டார்.

“இந்த லென்ஸே இப்படித்தான் டீச்சர். தூரத்துக்கு ஆகாது.”

“இடது கண்ணுல பாருங்க.”

அவர் வாழ்நாளில் இடது கண்ணால் கேமராவுக்குள் பார்த்ததில்லை. மூக்கு இடித்தது. கட்டைவிரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. புதிதாகச் சட்டை மாட்டுகிற குழந்தைபோலத் தடுமாறி, ஒருவழியாகக் கண்ணைப் பொருத்தினார்.

வள்ளம் இருந்தது. நீலப்பட்டை இருந்தது. அந்தோணியார் துணை என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. கயிற்றின் முறுக்குத் தெரிந்தது. முன்முனை அணியத்தில் உட்கார்ந்திருந்த காக்கா கழுத்தைச் சாய்த்தது தெரிந்தது.

“எல்லாம் தெரியுது டீச்சர்” என்று சிரித்தார். அந்த மாதிரிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

அதே கேமரா. அதே லென்ஸ். அதே வள்ளம்.

கேமராவை இறக்கினார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெறும் வலது கண்ணால் டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் சேலை தெரிந்தது. தோள் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஈரக்கையால் அழித்த சிலேட்டுப்போல ஒன்று இருந்தது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கடல் சத்தம் கேட்டது. கீழே யாரோ யாரையோ ஏசிக்கொண்டு போனார்கள்.

“அப்பாவுக்கும் வலதுதான் முதல்ல” என்றார்.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தானும் லீவு சொல்லிவிட்டுக் கூட வருவதாகச் சொன்னார். இப்போது நல்ல வைத்தியம் எல்லாம் இருக்கிறது என்றும், இத்தனை நாள் தள்ளிப்போட்டது தப்பு என்றும், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கண்டிக்கிற குரலில் சொன்னார். ஆவுடையப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“போறேன். போகாம என்ன.” கேமராவை மடியில் வைத்து அதன் வார்ப்பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “இன்னொண்ணும் போயிட்டா?”

அப்படியெல்லாம் ஆகாது என்று டீச்சர் சொல்வார் என எதிர்பார்த்தார். அதைக் கேட்கத்தான் கேள்வியையே கேட்டார்.

டீச்சர் சொல்லவில்லை. ஆவுடையப்பன் மடியிலிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது பையே அவர் தோளில் இருந்தது.

“எந்திரிங்க. கண்ணை மூடிக்கிடுங்க. ரெண்டையும்.”

அவர் மூடினார். பையின் ஜிப் சத்தம் கேட்டது. லென்ஸ் மாட்டுகிற கிளிக் கேட்டது. கழுத்தில் வார் விழுந்தது. கையில் கேமரா வந்தது.

“பழைய லென்ஸுல எத்தனை அடியில தெளிவா விழும்னு செதுக்கியே இருக்கும். அஞ்சுல வச்சிருக்கேன். வெளிச்சமும் வச்சாச்சு. நீங்க ஒண்ணையும் திருப்ப வேண்டாம். நான் அஞ்சடியில இருக்கும்போது அமுக்கினாப் போதும்.”

“அஞ்சடின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இத்தனை மாசமா நீங்களும் நானும் எவ்வளவு தள்ளி உக்காந்து பேசுதோம்?”

செருப்புச் சத்தம் விலகிப் போனது. நின்றது. அங்கிருந்து குரல் வந்தது.

“நான் விளிம்புல நிக்கேன். எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது. வாங்க.”

ஆவுடையப்பனுக்குக் கால் எழவில்லை.

இருட்டில் தளம் சாய்ந்ததுபோல இருந்தது. காற்று முன்னாலிருந்து வருகிறதா பக்கவாட்டில் வருகிறதா என்று தெரியவில்லை. கீழே கிடக்கிற கருங்கற்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இதுதான் அது என்று நினைத்தார். காலையில் எழுந்ததும் இது. பல் தேய்க்கும்போது இது. பெண்டாட்டி கூப்பிட்டுத் திரும்பும்போது இது.

டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். இன்று சாளை வாங்கினாராம். விலை கேட்டால் மீனே வேண்டாம் என்று ஆகிவிட்டதாம். ஆனாலும் வாங்கிவிட்டாராம். புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, நீங்கள் சைவம், உங்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்றார்.

ஆவுடையப்பன் பாதத்தைத் தரையோடு தேய்த்து நகர்த்தினார். சிமெண்டின் சொரசொரப்பு. மறுபடி நகர்த்தினார். குரல் பெரிதானது. குழம்பில் மாங்காய் போடுவதா வேண்டாமா என்ற விஷயத்துக்கு அது வந்திருந்தது.

சட்டென்று குரல் நின்றது.

அவரும் நின்றார்.

“டீச்சர்?”

பதில் இல்லை. கடல் மட்டும்.

“டீச்சர், எங்க இருக்கீங்க?”

இமை தானாகத் திறக்கப் பார்த்தது. இறுக்கிக்கொண்டார். அப்பா இப்படித்தான் நின்றிருப்பார் என்று முதல்முறையாகத் தோன்றியது. கூடத்துக்கு நடுவே, வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்ட ஒரு நேரத்தில்.

காற்று ஒரு கணம் தணிந்தது. அப்போது கேட்டது. குரல் இல்லை, மூச்சு. படியேறி வந்த ஒருவர் பொறுமையாக விடுகிற மூச்சு. கொஞ்சம் இடதுபக்கம். வழக்கமாக அவர் எதிரே உட்காருகிற தூரத்தில்.

இல்லை. இன்னும் கொஞ்சம்.

பாதத்தை ஒருமுறை தேய்த்தார். உடம்பைத் திருப்பினார். கேமராவை நெஞ்சுவரை உயர்த்திப் பிடித்தார். கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை.

அமுக்கினார்.

உள்ளே கண்ணாடி மடங்கி விழுகிற சத்தம் அவர் விலா எலும்பில் கேட்டது.

அவர் தோளை ஒரு கை பிடித்து, விளிம்பிலிருந்து விலக்கி நிறுத்தியது.

“திறக்கலாமா டீச்சர்?”

“திறக்கலாம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க” என்றார் டீச்சர். “அந்த மூணுல இப்ப உங்க கையில இருக்கிறது எது?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

அவருக்குத் தெரியவில்லை.