கயித்துக்கு நேரா ஒரு போட்டோ

ஒரு ஊர்ல ஒரு செங்கல் சூளைக்காரர் மக இருந்தா. பேரு தங்கப்பொண்ணு. ஓடினான்னா பாதம் தரையில பட்டுச்சா, படலையான்னே தெரியாது. ம் சொல்லு குட்டி.

"ம்."

அந்த ஊர்த் திருவிழாவுல ஓட்டப்பந்தயம் உண்டு. ஜெயிக்கிற பொண்ணு ஜில்லாப் போட்டிக்குப் போவா. கோயில்ல முதல் மரியாதை வாங்குற மாசிலாமணி வீட்டுக்குத்தான் எப்பவும் பந்தலோரத் தடம். அதுல அவர் மக வசுமதி ஓடுவா. தங்கப்பொண்ணுக்குப் பந்தலுக்கு எதிர்ப்பக்கத்துக் கடைசித் தடம்.

மொத வருஷம், டுமீல்னு வேட்டு. தடதடதடன்னு ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கயித்தைத் தொட்டாங்க. யார் ஜெயிச்சான்னு சொல்ற டிரில் வாத்தியார் நிழலுக்காகக் கயித்துக்குப் பத்தடி முன்னாலயே பந்தல்ல உக்காந்திருந்தாரு. "வசுமதி!"ன்னாரு.

ரெண்டாவது வருஷமும் டுமீல், தடதடதட, "வசுமதி!"

"நான்தான் சார் மொதல்ல"ன்னா தங்கப்பொண்ணு.

மாசிலாமணி சிரிச்சாரு. "சூளைச் சூட்டுல புள்ளைக்குத் தலை கிறுகிறுக்குது போல."

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் மூணாவது வருஷம். இதை விட்டா வயசு தாண்டிடும். அப்போ அவ ஸ்டூடியோ சூசைகிட்டப் போனா.

"அண்ணே, நான் கயித்தைத் தொடுறதைக் கயித்துக்கு நேரா நின்னு படம் புடிங்க."

"அடிப்பாவி! பட்டணத்துக் குதிரைப் பந்தயத்துல இதைத்தானே பண்றாங்க. மூக்கும் மூக்குமா வந்தா கண்ணு ஏமாந்துடும், அதான் கோட்டுக்கு நேரா கேமரா. அதுக்குப் பேரே போட்டோ பினிஷ்."

"குதிரைக்கு உண்டு, எனக்கு இல்லையா?"

டுமீல்! தடதடதட! கிளிக்! "வசுமதி!"

தங்கப்பொண்ணு கோட்டு மேலயே சப்பணம் போட்டு உக்காந்துட்டா. "படம் கழுவி வரட்டும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"சாமி வர்ற பாதைடி!"ன்னாரு மாசிலாமணி.

"சாமியும் பாக்கட்டும்."

வெயில் சாயுறப்போ சூசை ஈரம் சொட்டச் சொட்டப் படத்தோட ஓடி வந்தாரு. படத்துல தங்கப்பொண்ணு நெஞ்சு கயித்தை வளைச்சிருக்கு. வசுமதிக்கும் கயித்துக்கும் நடுவுல ஒரு சாண்.

"அப்பா, அவதான்"ன்னா வசுமதி.

வாத்தியார் முழிச்சாரு. "என் கண்ணுக்கு அப்படித் தெரியலையே!"

"முன்னால உக்காந்து சாய்வாப் பாத்தா, உங்க பக்கத்துத் தடத்துல ஓடுறவதான் முந்தின மாதிரி தெரியும் சார்"னாரு சூசை.

மாசிலாமணி துண்டை உதறினாரு. "சரி, போனாப் போகுது. இந்த வருஷம் நீயே போ."

"போனாப் போகுதா?"

அவ விடுவிடுன்னு பந்தலுக்குள்ள போனா. வாத்தியார் நாற்காலியைக் கர்ர்ர்னு இழுத்துட்டு வந்து, கயித்துக்கு நேரா போட்டா.

"இனிமே இங்க உக்காருங்க சார்."

"இங்க வெயிலடிக்குமேம்மா!"

"நாங்க வெயில்லதான் சார் ஓடுறோம்."

ம் சொல்லு குட்டி. குட்டி?

சரி, கதையும் ஆச்சு, கண்ணும் சொக்கியாச்சு. தூங்கு.