மூவருக்கு ஒரு பெயர்

ஆற்றங்கரை மடத்தின் தலைவியை எல்லோரும் அம்மா என்றுதான் அழைப்பார்கள். அவருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் அம்பலவாணருக்கு அறுபத்திரண்டு.

அம்பலவாணர் வெற்றிலை மண்டியில் முப்பது வருடம் ஏலம் கூறியவர். அவர் மண்டியில் விலை சொன்னால் படகுத்துறை வரைக்கும் கேட்கும் என்பார்கள். இரண்டு மாதமாக அவர் பேசுவது எதிரில் இருப்பவருக்கே சரியாகக் கேட்பதில்லை.

அன்று திங்கட்கிழமை. மடத்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்து முடித்தவர், சேற்றுக் காலோடு வந்து நின்றார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஒரு பேருல எத்தனை ஆள் அடங்குவாங்க தாயே?"

"யாருக்குப் பேரு?"

"வடிவுக்கு இது ஒன்பதாம் மாசம்."

வடிவு அவருடைய மருமகள். இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய வளைகாப்புக்கு அக்கரையில் இருந்த உறவினர்களை அழைக்கத்தான் அம்பலவாணரின் மனைவியும் மகனும் மகளும் படகேறினார்கள். மறுநாள் போகலாம் என்று மகன் சொன்னான். இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியவர் அம்பலவாணர். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. பெண்கள் இருவரின் உடல்களும் அன்று மாலையே கிடைத்தன. மகனை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

"ஆணா பொண்ணான்னு தெரியாது," என்றார் அம்பலவாணர். "எதுவா இருந்தாலும் பொருந்தணும். ஆண் பொறந்தா மகன் பேரு, பொண்ணு பொறந்தா வீட்டுக்காரி பேருன்னு வச்சா யாராவது ஒருத்தர் வெளியில நின்னுடுறாங்க. அடுத்த குழந்தைக்கு வைக்கலாம்னா, அடுத்த குழந்தை ஏது? அந்த வீட்டுல இது ஒண்ணுதான். இதுலயே மூணு பேரும் வந்தாகணும்."

"வீட்டுல இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"

"அஞ்சு பேர்."

சொல்லிவிட்டுத் தன் கால்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்," என்றார்.

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"பேரு ஏதாவது யோசிச்சிருக்கீங்களா?"

"நாப்பது நாளா அதேதான் யோசனை. பொன்முத்துமணி."

மனைவி பொன்னரசி. மகன் முத்தரசு. மகள் மணிமொழி. மடத்தில் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். விளக்கம் தேவைப்படவில்லை.

அடுப்படியில் இருந்த சமையல்காரி சொக்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பொருந்தும் ஐயா. எங்க தெருவுல மணின்னு கத்தினா ரெண்டு ஆம்பளை, மூணு பொம்பளை, ஒரு நாய் திரும்பிப் பாக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நீங்க சரின்னு சொன்னா வடிவுகிட்ட சொல்லிடுவேன் தாயே."

"அவகிட்ட இன்னும் சொல்லலையா?"

"அவ இப்பெல்லாம் பேசுறதே இல்லை."

"நீங்க அவகிட்ட பேசுறீங்களா?"

அம்பலவாணர் குனிந்து காலில் இருந்த சேற்றை வழித்தார்.

அம்மா முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தார். "சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன்."

வீடு ஆற்றைப் பார்த்து இருந்தது. வாசற்படிக்கு அருகில் ஒரு மர நாற்காலி, அதுவும் ஆற்றைப் பார்த்தே கிடந்தது. அதன் கால்கள் மண்ணில் நான்கு குழிகளைப் பறித்திருந்தன. அதில் உட்கார்ந்தால் படகுத்துறை நேராகத் தெரியும்.

உள்ளே வடிவு சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே அலமாரியில் கண்ணாடி வளையல் பொட்டலம் இருந்தது. கட்டிய நூலை யாரும் அவிழ்க்கவில்லை.

அவள் எழுந்திருக்க முயன்றாள். அம்மா அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் குழந்தைக்கு உங்க மாமா ஒரு பேரு வச்சிருக்கார். சொல்லுங்க ஐயா."

"பொன்முத்துமணி," என்றார் அம்பலவாணர்.

வடிவின் விரல்கள் அரிசியில் நின்றன.

"நீ ஒரு தடவை சொல்லிப் பாரு தாயி," என்றார் அம்மா.

வடிவு முறத்தையே பார்த்தாள். அவளுடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சும்மா சொல்லு வடிவு," என்றார் அம்பலவாணர். "நல்ல பேருதானே?"

"நல்ல பேருதான் மாமா. எனக்குச் சொல்ல வராது."

"ஏன் வராது?"

"அதுல அத்தை பேரு இருக்கு. அவங்க பேரும் இருக்கு."

அந்த வீட்டில் மருமகள் மாமியாரின் பெயரைச் சொல்வதில்லை. மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட வடிவு அட்டையைத்தான் நீட்டுவாள். நாற்பது நாள் யோசித்தவருக்கு அது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யாரு பாக்கப் போறா?"

"அவங்க இருக்கும்போதே நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை மாமா. இப்பவா கூப்பிடுவேன்?"

"சரி, நீ மணின்னு மட்டும் கூப்பிட்டுக்கோ."

"அப்ப அவங்க ரெண்டு பேரும்?"

கேட்டுவிட்டு அவள் மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அம்பலவாணர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வடிவைப் பார்த்தார்.

"நீ என்ன பேரு நினைச்சிருக்கே?"

"நான் எதுவும் நினைக்கலைம்மா. பொறந்து அழுதாப் போதும்னு இருக்கு."

"இப்ப அதை எப்படிக் கூப்பிடுவே?"

"கூப்பிடுறதில்லை. உள்ள உதைச்சா 'ம்'னு சொல்வேன். அவ்வளவுதான்."

வெளியே படகு ஒன்று துறையில் வந்து இடிக்கும் சத்தம் கேட்டது. அம்பலவாணரின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு மெல்ல உள்ளே திரும்பியது.

"தாய் கூப்பிட முடியாத பேரை யாரு கூப்பிடுவா?" என்று அம்மா கேட்டார்.

"நான் கூப்பிடுவேன்," என்றார் அம்பலவாணர். "நான் உசிரோட இருக்குற வரைக்கும் கூப்பிடுவேன். இந்தப் பேரை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு தாயே? அவங்களை அனுப்பி வச்சது நான். வாசல்ல நின்னு கையை ஆட்டி அனுப்பினேன். அவங்க பேராவது இந்த வீட்டுல நடமாட வேண்டாமா?"

அவர் குரல் இரண்டு மாதத்தில் முதல்முறையாக உயர்ந்தது. வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப கூப்பிடுங்க," என்றார் அம்மா.

"இப்பவா?"

"குழந்தைக்கு நாலு வயசுன்னு வச்சுக்கங்க. விளையாடப் போயிருக்கு. சோறு ஆறுது. கூப்பிடுங்க."

அம்பலவாணர் தயங்கினார். பிறகு எழுந்தார். மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொன்முத்துமணி."

"அது அடுப்படிக்கே கேக்காது ஐயா."

"பொன்முத்துமணி!"

"மண்டியில இப்படித்தான் கூப்பிட்டீங்களா?"

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். மூன்றாவது முறை அந்தப் பழைய குரல் வந்தது. ஆற்றின் மேல் போய், அக்கரைத் தென்னைகளில் பட்டுத் திரும்பியது. துறையில் படகு கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குரல் யாருடையது என்று தெரிந்ததும் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த முறை யாரும் சொல்லாமலே அம்பலவாணர் கூப்பிட்டார். பெயர் முழுதாக வரவில்லை.

"பொன்னு!"

காத்திருந்தார். அக்கரையிலிருந்து ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்.

"முத்து! ஏ முத்து! நாளைக்கே போகலாம்டா, வந்துடுங்கடா!"

காத்திருந்தார்.

"மணீ! அம்மா கையைப் பிடிச்சுக்கோ, தாயி!"

ஆற்றில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள், வடிவு சட்டென்று முறத்தைக் கீழே வைத்தாள். வயிற்றின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தினாள்.

"ம்," என்றாள்.

அது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அம்பலவாணர் அடுத்த முறை கூப்பிட மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்து வந்து அவர் அருகில் நின்றார்.

"ஐயா," என்றார், "குழந்தை உங்க பின்னால இருக்கு."

அம்பலவாணர் ஆற்றைப் பார்த்தபடியே நின்றார்.